ஆணியில் மாட்டிய வெளிச்சம்

வெளிச்சத்தைப் பிடித்து, கையில் சுற்றி, நடுவில் சணல் கட்டி, ஐந்து நாள் ஆணியில் மாட்டி வைத்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருத்தர்தான். தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டலில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. பெயர் மாணிக்கராஜ், வயது எழுபத்து நாலு. மைன்ஸில் பிளாஸ்டராக இருந்தவர். பாறையில் துளை போட்டு மருந்து கிட்டித்து வெடிக்கிற வேலை. அவர் வைத்த ஒரு வெடியில் பேத்தமங்களா ஏரி மீன்கள் அதிர்ச்சியில் கரைக்கே வந்துவிட்டன. மைன்ஸில் ஆள் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசில் இருந்தவன் நான், எதையும் கணக்கோடுதான் சொல்வேன். மீன்கள் நானூற்றுப் பன்னிரண்டு.

மீனை விடுங்கள். வெளிச்சத்துக்கு வருகிறேன்.

அந்த வீட்டு மருமகள் ஸ்வீட்டி. ஆறு வருஷம் அவளும் புருஷன் டென்சிலும் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பினார்கள். அந்த ரயிலில் உட்கார இடம் கிடைத்தவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. நின்று நின்று போன வருஷம் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி ரயில் கூடாது என்றார் டாக்டர். அவளுடைய வேலை ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பது. கம்பெனி மூன்று மாதம் யோசித்து, வீட்டிலிருந்தே செய் என்றது. ஆனால் செல்போன் நெட் உதவாது, வீட்டுக்கு ஒயர் வழியாக லைன் வரவேண்டும், வேலை நேரத்தில் அது அறுபடக் கூடாது என்று நிபந்தனை. அறுந்தால் தினமும் ஆபீசுக்கு வரவேண்டும். தினமும் ஆபீஸ் என்றால் அவளுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம்.

ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகக் கடை திறந்திருந்த ஒரு இன்டர்நெட் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தார்கள். மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு என்றதும் முகம் சுளித்தவர்கள், ஸ்வீட்டி நாலு தடவை போய் நின்றபின் வந்து மாட்டினார்கள். தெருக் கம்பத்திலிருந்து ஒரு ஒயர். ஒயர் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சேமியா மாதிரி இருந்தது. உள்ளே செம்பு இல்லை, தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி நூல். அது வீட்டுக்குள் நுழைந்து, சுவரோரம் ஓடி, சோப்பு டப்பா அளவு வெள்ளைப் பெட்டியில் போய்ச் சொருகிக்கொண்டது. பெட்டிக்கு இரண்டு கொம்பு. மாட்ட வந்தவன் அவசரத்தில், மிச்சமிருந்த ஏழெட்டு கஜம் நூலை வெட்டாமல் பெரிய வளையமாகச் சுவரில் தொங்கவிட்டுப் போய்விட்டான்.

பத்து நாள் ராஜபோகம். ஸ்வீட்டி ஒன்பது மணிக்கு இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். பதினோரு மணிக்கு மாமியார் ஐடா டீ வைப்பாள். சாயந்திரம் ஆறு மணிக்கு நம் ஊர் ஜனம் பெங்களூரில் ரயிலேற முண்டியடிக்கும்போது, ஸ்வீட்டி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அதைப் பார்த்த பொறாமையில் இந்த லைனில் ஐந்து பேருக்குப் பித்தம் ஏறியது.

பத்தாம் நாள் திங்கட்கிழமை, அவர்கள் வீட்டில் சாயந்திர ஜெபக்கூட்டம். சபைக்காரர்கள் வருவார்கள் என்று ஐடா வாசலிலிருந்து கழிவறை வரை கழுவிவிட்டாள். மாணிக்கராஜ் தன் பங்குக்கு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒயர் தொங்கியது அவர் கண்ணில் பட்டது. வெடிமருந்துக்காரனுக்குத் தொங்குகிற ஒயர் எமன். சுரங்கத்துக்குள்ளே லெவல் பாதையில் ஒரு முழம் ஒயர் தளர்ந்து கிடந்தாலும் ஷிஃப்ட் முழுக்கச் சம்பளம் பிடிப்பார்கள். முப்பத்தாறு வருஷப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? மிச்ச ஒயரை எப்படிக் கட்டுவாரோ அப்படியே கட்டினார். இரண்டு விரலில் எட்டுப் போல இறுக்கிச் சுற்றி, நடுவில் சணலால் நாலு சுற்று முறுக்கி முடிச்சு. ஆணியில் மாட்டி, அதன் மேல் சபை காலண்டரையும் தொங்கவிட்டார். காலண்டர் படத்தில் இருந்த நல்ல மேய்ப்பர் ஆட்டுக்குட்டியோடு அதை மறைத்துக்கொண்டார். ஸ்வீட்டி அப்போது வேலை முடிந்து மருந்து வாங்க ராபர்ட்சன்பேட்டை போயிருந்தாள். வீடு சுத்தமாக இருந்தது, கூட்டம் நன்றாக நடந்தது, சுண்டல் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

ஸ்வீட்டி இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "வைஃபை காட்டுதா மேடம்?"

"காட்டுது. ஃபுல்லா காட்டுது. ஆனா நெட் இல்ல."

"வைஃபை ஃபுல்லுன்னா எங்க சர்வீஸ் நல்லா இருக்கு மேடம். பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

அவள் ஆஃப் செய்து ஆன் செய்தாள். அன்று மட்டும் முந்நூறு தடவை இருக்கும்.

"இன்னாம்மா இது," என்றார் மாணிக்கராஜ். "ஃபுல்லுன்றா, இல்லன்ற. ரெண்டுல எது நெசம்?"

"ரெண்டும் நெசம்தான் மாமா. வைஃபைன்றது இந்தப் பெட்டி வீட்டுக்குள்ள பேசறது. லெவல்ல ட்ராலி தள்ற மாதிரி. கொம்புல இருந்து என் லேப்டாப்புக்கு, உங்க போனுக்கு, அத்தையோட டிவிக்கு. அது நல்லா ஓடுது. ஆனா சரக்கு மேல இருந்து வரணும்ல? ஷாஃப்ட் குழியில கேஜ் லிஃப்டே எறங்கல. ட்ராலி காலியா ஓடிக்கினு கீது. அதான் ஃபுல் சிக்னலு."

"அப்ப அந்தப் பொண்ணு, ட்ராலி ஓடுதே, கேஜ் ஓடாம இருக்குமான்னு கேக்கறாளா?"

"அதேதான்."

"இவ மைன்ஸ்ல இருந்திருந்தா ஒரு ஷிஃப்ட்ல ஊரக் காலி பண்ணியிருப்பா," என்றார் மாணிக்கராஜ்.

புதன்கிழமை கொர்னேலியஸ் வந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிறவர், மைன்ஸில் எலக்ட்ரீஷியன். எதையும் நம்பாதவர். மைன்ஸ் மூடியாச்சு என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய பிறகும் ஆறு நாள் டிபன் கேரியரோடு போய் நின்றவர். அவர் வாயிலிருந்து 'ஆமா' என்று வந்ததைக் கடைசியாகக் கேட்டவர், அவருக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார். அதுவும் இரண்டாம் தடவை கேட்டபோது.

பெட்டியிலிருந்து நூலைப் பிடுங்கி, அதன் மூக்கில் டெஸ்டர் ஸ்குரூடிரைவரை வைத்தார். எரியவில்லை.

"செத்த ஒயரு," என்றார். "உங்கள ஏமாத்திக்கினு கீறான். உள்ள காப்பரே இல்லடா ராஜு. காப்பர் இல்லாம இன்னாத்துல போவும்?"

"அதுல கரன்ட் போவாது அங்கிள். வெளிச்சம் போவும்," என்றாள் ஸ்வீட்டி.

"வெளிச்சம், ஒயருக்குள்ள." கொர்னேலியஸ் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, வெளிய அவ்ளோ வெயில் காயுது. அந்த வெளிச்சமே இந்த லைன் வீட்டுக்குள்ள வர மாட்டேங்குது. கம்பத்துல இருந்து நூல் புடிச்சிக்கினு வருமா?"

"பெங்களூருக்கு லைட் வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு லைட் வந்துச்சுன்னு மட்டும் ஊரெல்லாம் பேசுவீங்க," என்றாள் ஐடா அடுப்படியிலிருந்து. "அன்னிக்கும் உங்க தாத்தா மாதிரி ஒருத்தர், அவ்ளோ தூரத்துல இருந்து கரன்ட் வராதுன்னு சொல்லியிருப்பாரு."

"எங்க தாத்தா டெஸ்டர் வச்சிப் பாத்திருப்பாரு," என்று கொர்னேலியஸ் கிளம்பிவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று புகார். மூன்றும் 'சரி செய்யப்பட்டது' என்று அவள் போனுக்கே செய்தியாக வந்தன. விளக்கு சிவப்பாகவே சிமிட்டியது. வெள்ளிக்கிழமை இரண்டு செய்தி. முதலாவது இன்டர்நெட் கம்பெனியிடமிருந்து: உங்கள் வீடு இணைப்புக்குத் தகுதியற்றது, சனிக்கிழமை பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது பெங்களூர் ஆபீசிலிருந்து: திங்கள் காலை ஒன்பதுக்கு லைனில் வராவிட்டால், செவ்வாய் முதல் நேரில் வரவும்.

ஸ்வீட்டி இரண்டையும் சத்தமாகப் படித்தாள். ஐடா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தகுதி இல்லாத வூடா? நூத்தி இருவது வருஷமா ஜனம் வாழ்ற வூடு. மைன்ஸ எடுத்துக்கினு போனானுங்க. ஆஸ்பத்திரிய எடுத்துக்கினு போனானுங்க. எடுத்துக்கினு போனது போதும். அந்தப் பெட்டி எப்பிடிப் போவுதுன்னு நானும் பாக்கறேன்."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தவன் சுனில், கம்பெனி லைன்மேன். முப்பது வயசிருக்கும், நல்ல பையன், ராபர்ட்சன்பேட்டைக்காரன். வெயிலில் அவன் ஹெல்மெட் உருகிக் காதில் ஒட்டியிருந்தது. உள்ளே வந்தவன் நின்றுவிட்டான். பெட்டிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு, இடுப்பு பெல்ட்டோடு ஸ்வீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. பெட்டி எடுக்கணும்."

"எந்திரிக்க முடியாது. டாக்டர் சீட்டு வச்சிருக்கேன், காட்டவா?"

"அக்கா, மேல இருந்து ஆர்டர்."

"மூணு கம்ப்ளைன்ட் குடுத்தேன். மூணையும் சரி பண்ணதா மூடினீங்க. ஒரு தடவையாவது இந்த வாசப்படிய மிதிச்சீங்களா?"

சுனில் தலையைச் சொறிந்தான். "கம்பத்துல செக் பண்ணேன்க்கா. கம்பம் வரைக்கும் லைட் நல்லா கீது. ஒரு நாளைக்கு நாப்பது வீடு. கம்பத்துல இருந்தா முடிச்சுடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. வீட்டுக்குள்ள வர்றதுக்கு எனக்கு நேரமே கிடையாது."

மாணிக்கராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஷாஃப்ட் இன்ஸ்பெக்சன்னா இன்னா தெரியுமாப்பா? மேல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறதா? கேஜ் கூரை மேல நின்னுக்கினு, ஆளு அடி மட்டும் எறங்கணும். ஒவ்வொரு அடியும் பாக்கணும். பாதியில நின்னவன் கையெழுத்துப் போடக் கூடாது."

"அவர் சொல்றதுதான்," என்றாள் ஸ்வீட்டி. "கம்பத்துல இருந்து பெட்டி வரைக்கும் எங்க முன்னாடி பாருங்க. ஒவ்வொரு அடியும். அதுக்கப்புறமும் இந்த வீடு தகுதி இல்லன்னா, நானே பெட்டியக் கழட்டித் தர்றேன்."

"முதல்ல துன்னு," என்று ஐடா தட்டை வைத்தாள். களி, கருவாட்டுக் குழம்பு. அதன் வாசனைக்கு மாரிகுப்பம் வரை பூனைகள் எழுந்து உட்கார்ந்தன. காலையில் டீ மட்டும் குடித்திருந்த சுனில் இரண்டு உருண்டை களி முழுங்கினான். சாப்பிட்ட கையைக் கழுவியபின் அவனால் பெட்டியைப் பற்றிப் பேச முடியவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கு நடந்தான்.

கம்பத்தில் மீட்டர் நன்றாகக் காட்டியது. அங்கிருந்து நூலைக் கண்ணாலும் கையாலும் தொடர்ந்து வந்தோம். முன்னால் சுனில், பின்னால் ஸ்வீட்டி, மாணிக்கராஜ், நான். எங்களுக்குப் பின்னால், எதையும் நம்பாமல் பார்ப்பதற்கென்றே கொர்னேலியஸ், சட்டைப் பையில் டெஸ்டரோடு. தகரக் கூரை ஓரம் சரி. ஜன்னல் துளை சரி. உள்ளே பெட்டிப் பக்கம் முனையில் மீட்டரை வைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பூஜ்யம்.

"அப்ப ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவுல எங்கயோ போவுது," என்றான் சுனில். பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தான். "இது சிவப்பு லைட்டு. பெட்டிப் பக்கத்துல இருந்து நூலுக்குள்ள விடுவேன். எங்க ஒடைஞ்சிருக்கோ, எங்க நசுங்கிருக்கோ அங்க வெளிய கசியும். யாரும் முனைய நேராப் பாக்காதீங்க. கதவச் சாத்துங்க."

ஐடா கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைப் போட்டாள். சுனில் நூலின் மூக்கை ஸ்பிரிட் தாளால் துடைத்து, பேனாவைச் சொருகி அமுக்கினான்.

காலண்டருக்குப் பின்னாலிருந்து சிவப்பாக வெளிச்சம் வந்தது. நல்ல மேய்ப்பரைச் சுற்றி, ஆட்டுக்குட்டியைச் சுற்றி, ஓரமெல்லாம் நெருப்புக் கோடு.

"ஸ்தோத்திரம்," என்றாள் ஐடா.

சுனில் காலண்டரை எடுத்தான். ஆணியில் அந்தக் கட்டு அடுப்புத் தணல் மாதிரி கனிந்துகொண்டிருந்தது. சணல் இறுக்கிய இடுப்பில்தான் அதிகம். உள்ளே போகவேண்டியது மொத்தமும் அங்கே வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது. நான் மைன்ஸ் அடியில் தங்க ரேகையைப் பார்த்திருக்கிறேன், அது இதன் காலில் விழவேண்டும். கொர்னேலியஸ் கிட்டே போய்க் குனிந்தார். டெஸ்டரை எடுத்தார், திரும்பப் பையிலேயே போட்டார்.

"கண்ணாடிய இவ்ளோ இறுக்கி மடிச்சா லைட்டு திரும்ப முடியாம வெளிய ஓடிடும்," என்றான் சுனில். "யாரு கட்டினது?"

ஸ்வீட்டி மாமனாரைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

"நான்தான்," என்றார் மாணிக்கராஜ். "திங்கக்கிழம. கூட்டத்துக்கு."

குரல் அவருடையது மாதிரியே இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் வெடிக்காத மருந்து ஒன்றுகூட வைக்காதவர். ஐந்து நாளாக ஊர் உலகத்தையெல்லாம் திட்டியவர். கீழே உட்கார்ந்து, "அவுக்கறேன்," என்றார். சணலைப் பல்லால் கடித்து அறுத்தார். எட்டுச் சுற்றை ஒவ்வொன்றாக, குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற மாதிரி பிரித்தார். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் ஒரு இடத்தில் சிவப்பு அணைந்தது.

"ஒடையல," என்றான் சுனில். "நம்ம அதிர்ஷ்டம். இனிமே பெருசா சுத்தணும். இன்னா கீது ஆன்ட்டி, வட்டமா?"

ஐடா கிறிஸ்துமஸ் கேக் டின்னை எடுத்துத் தந்தாள். அதன் மேல் தளர்வாகச் சுற்றினார்கள். மீட்டர் எகிறியது. பெட்டியில் சொருகியதும் சிவப்பு போய்ப் பச்சை நின்றது. ஸ்வீட்டி லேப்டாப்பைத் திறந்தாள்.

நெட் வரவில்லை.

"இப்ப இன்னா?" என்றார் மாணிக்கராஜ். "கேஜ் எறங்கிடுச்சில்ல?"

சுனில் தன் போனைப் பார்த்து உதட்டைக் கடித்தான். "எறங்கிடுச்சு தாத்தா. ஆனா மேல கேட்டச் சாத்திட்டாங்க. உங்க பேர காலையில பத்து மணிக்கே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மூடிட்டாரு சூப்பர்வைசர். பெட்டி இருந்தாலும், நூல் இருந்தாலும், அங்க பேர் உயிரோட இல்லன்னா ஒண்ணும் உள்ள வராது. இன்னிக்கு ஒரு மணியோட ஆபீஸ் லாக். அப்புறம் திங்கக்கிழம பதினோரு மணிக்குத்தான்."

மணி பன்னிரண்டு நாற்பது. திங்கள் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஸ்வீட்டியின் வேலை போய்விடும்.

சுனில் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். சூப்பர்வைசர் குரல் அவசரத்தில் இருந்தது. "ஆகோதில்ல சுனில், முடியாது. தகுதி இல்லன்னு எழுதி மூடியாச்சு. திறக்கணும்னா காரணம் வேணும். கஸ்டமர் பக்கத் தப்புன்னு அவங்க ஒத்துக்கணும்."

சுனில் போனைக் கையால் மூடினான். "எலி கடிச்சிருச்சுன்னு சொல்லிடலாம் தாத்தா. யாருக்கும் கொறச்சல் இல்ல."

"எலி மேல இன்னாத்துக்குப் பழி போடற?" என்று மாணிக்கராஜ் போனை வாங்கினார். "சார், மாணிக்கராஜ் பேசறேன். எலி இல்ல, நான். நான்தான் இறுக்கிக் கட்டினேன். நானே அவுத்துட்டேன். எழுதிக்கங்க."

அந்தப் பக்கம் சூப்பர்வைசர் சலித்துக்கொண்டார். "சார், லைன் திரும்ப வேணும்னு வீட்டு ஆளுங்க எதையும் சொல்வீங்க. வயரக் கட்டினா நெட் போச்சு, அவுத்தா வந்துச்சுன்னு சொன்னா எங்க மேல இருக்கறவங்க சிரிப்பாங்க. வெளி ஆள் ஒருத்தர் பாத்தேன்னு சொல்லட்டும். இப்பவே திறக்கறேன்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நீங்க வேணாம்ணே," என்றாள் ஐடா. "நீங்க வாயத் தொறந்தா அந்தாளு கடைய நிரந்தரமா சாத்திடுவான்."

அநியாயம்தான். ஆனால் மறுக்க ஒருவரும் இல்லை. எல்லோரும் கொர்னேலியஸைப் பார்த்தார்கள். அவர் கேக் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கலன்னு சொல்லிடுங்க," என்றாள் ஐடா. "உங்களுக்குத்தான் எதுவும் கண்ணுல படாதே."

"சும்மா இரும்மா," என்றார் கொர்னேலியஸ். போனை வாங்கிக் காதில் வைத்தார். ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது. "கொர்னேலியஸ். மைன்ஸ் எலக்ட்ரிகல். முப்பத்திநாலு வருஷம் சர்வீஸ். நாலு வூடு தள்ளி கீறேன். இங்க... சேப்பா இன்னாவோ தெரிஞ்சுது."

"இன்னாவோன்னா ஆகோதில்ல சார். மணி பன்னெண்டு ஐம்பத்திரெண்டு. அவர் சொல்றது நடந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தை."

ஸ்வீட்டி நாற்காலியின் கையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். கொர்னேலியஸ் பையிலிருந்த டெஸ்டரை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த நூல்ல வெளிச்சம் ஓடுது சார். ராஜு கட்டின கட்டுல ஒழுகுச்சு. அவன் அவுத்தான், நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். நடந்துச்சு." மூச்சு வாங்கினார். "மூணு கம்ப்ளைன்ட்ட வூட்டுக்குள்ள வராமயே சரி பண்ணதா மூடினீங்களே, அதுவும் நடந்துச்சு. ரெண்டையும் எழுது."

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு ஸ்வீட்டியின் லேப்டாப்பில் நெட் வந்தது.